இரண்டு அடி முன்னால் போன பாஞ்சோ

ஹாலிஃபாக்ஸ்
10 மார்ச் 1962, சனிக்கிழமை

திரு. லெஸ்லி த்வெயிட் அவர்களுக்கு,

ஹெபிள் எழுவர் ஜாஸ் குழுவின் தலைவரும் கார்னெட் வாத்தியக்காரருமான தங்களுக்கு, அந்தக் குழுவில் பதின்மூன்று வருடம் பாஞ்சோ வாசித்த ஆர்னல்ட் சக்டன் எழுதுவது. ‘தங்களுக்கு’ என்று எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நேற்று மத்தியானம் வரை ‘டேய்’ என்று கூப்பிட்ட ஆளை இன்று அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மான்செஸ்டர் வானொலி நிலையத்தில், நேரடி ஒலிபரப்பில், நாம் ஏழு பேரும் ‘டெல்ஃபீன் தெரு நடை’ வாசித்தோம். மூன்றாவது பகுதியில் நம் நொண்டல் வருகிற இடம் வந்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த அந்தப் பழைய இசைத்தட்டில் உள்ளபடி, தாளத்தில் இரண்டு அடியை விழுங்கிவிட்டு, பாஞ்சோ ஒரு வெட்டு வெட்ட, ஏழு பேரும் ஒன்றாகத் தாண்டிப் போகிற இடம். ஃபிளீஸ் மதுக்கடையின் மாடியில் வியாழக்கிழமைதோறும் இருநூறு பேர் தரையைக் காலால் உதைத்து என் பெயரைச் சொல்லிக் கத்துகிற இடம். நான் வெட்டினேன், தாண்டினேன். பார்த்தால் கூட ஒருவரும் வரவில்லை. ஆறு பேரும் ஒன்றுமே நடக்காத மாதிரி நேராக வாசித்துக்கொண்டு போகிறீர்கள்.

தாண்டியவன் திரும்பி வந்து சேர்ந்துகொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நான் ஏன் வரவேண்டும்? சரியாக வாசித்தவன் நான். தப்புச் செய்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும் என்று கடைசிவரை இரண்டு அடி முன்னாலேயே போனேன். நான் முடித்த பிறகுதான் நீங்கள் முடித்தீர்கள். உடனே அந்த அறிவிப்பாளர், சிரிப்பைக்கூட அடக்காமல், “பாஞ்சோக்காரருக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு போலிருக்கு” என்று நாடு முழுக்கச் சொன்னார்.

என் மனைவி மேவிஸ் வேலை செய்கிற கம்பளி ஆலையில், அவள் பெருமைக்காகவே, சாப்பாட்டு நேரத்தில் வானொலியைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள். நூற்றிருபது பெண்கள் கேட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே, “நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள்.

ஆறு பேர் தற்செயலாக ஒரே இடத்தில் ஒரே மாதிரி மறக்க மாட்டார்கள். பேசிவைத்துச் செய்திருக்கிறீர்கள். வரும் வியாழக்கிழமை ஃபிளீஸ் மாடியில், எல்லோர் முன்னாலும், நடந்தது உங்கள் தப்பு என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுவரை என் பாஞ்சோ பெட்டியை விட்டு வெளியே வராது.

இதற்கு முறைப்படி தபால்தலை ஒட்டியிருக்கிறேன். உங்கள் தெரு என் தபால் சுற்றில்தான் வருகிறது என்பதால் திங்கட்கிழமை காலை நானேதான் கொண்டுவந்து போடுவேன். கதவைத் தட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
ஆ. சக்டன்


லைம் தெரு
12 மார்ச், திங்கள்

ஆர்னல்ட்,

‘அவர்களுக்கு’, ‘தங்களுக்கு’, இதெல்லாம் எதற்கடா? பத்து மணிக்கு நீ வந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடிதத்தைத் திணித்துவிட்டு என் வீட்டுக் கதவை ஏதோ அடகுக்கடைக் கதவைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனாய். நான் கையில் ஒரு மேல்வரிசைப் பல்செட்டை வைத்துக்கொண்டு நின்றேன். பல் மருத்துவருக்கு மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டியது. உன் கடிதத்தைப் படித்த எரிச்சலில் ஒரு கடைவாய்ப்பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.

பேசிவைத்துச் செய்தோம் என்கிறாயே, மனசாட்சி இருக்கிறதா உனக்கு? ஜனவரியில் லீட்ஸில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் அதே ‘டெல்ஃபீன் தெரு நடை’யின் வேறொரு பிரதியைக் கேட்டேன். கீறல் இல்லாத முழுத் தட்டு. அதில் நொண்டலே கிடையாது. அந்த மனிதர்கள் ஒழுங்காக, நேராக, சுகமாக வாசித்துக்கொண்டு போகிறார்கள். நம் தட்டில் ஊசி தாவுகிறது, அவ்வளவுதான். பதின்மூன்று வருடமாக நாம் ஒரு கீறலை மனப்பாடம் பண்ணி வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கே பஸ்ஸில் வரும்போது உன்னிடம் சொன்னேனா இல்லையா? நீ என்ன பண்ணினாய்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அந்த லீட்ஸ்காரன் தட்டுதான் தப்பு” என்றாய். இன்னொரு தடவை ஆரம்பித்தேன். நீ சீட்டியடிக்க ஆரம்பித்தாய்.

நீ ஏன் கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடம் முன்பு பிரிஸ்டல் குழு அந்தப் பாட்டை நேராக வாசித்தபோது, ஜாஸ் வாரப் பத்திரிகைக்கு இரண்டு பத்திக் கடிதம் எழுதினாயே. ‘அசலைப் படிக்கத் துப்பில்லாத சோம்பேறிகள்’ என்று எழுதினாய். அந்தச் சோம்பேறிகள்தான் சரியாக வாசித்தவர்கள் என்று இப்போது தெரிந்தால் உனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று இருக்கும். இருக்கட்டும். அதற்காக நாங்கள் ஆறு பேரும் ஆயுள் முழுக்க நொண்டியடிக்க முடியாது.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். வியாழக்கிழமை உன் நாற்காலியில் டெரிக் பாட் உட்காருவார். எரிவாயு அடுப்பு விற்கிற கடையில் இருக்கிறாரே, அவர்தான். கிதார். மின்சாரக் கிதார். அவருக்குச் சொன்னால் காது கேட்கிறது.

லெஸ்லி


ஹாலிஃபாக்ஸ்
14 மார்ச், புதன்

திரு. த்வெயிட்,

பாரம்பரிய ஜாஸ் வாசிக்கிற குழுவில் சுவரில் செருகுகிற கிதார். சபாஷ். இதற்கா மேவிஸ் ஏழு பேருக்கும் கோடுபோட்ட அரைக்கோட்டு தைத்துக் கொடுத்தாள்? நாளைக்கு அந்த டெரிக் என் அரைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காரப்போகிறாரா? அதை அனுப்ப மாட்டேன். சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் நீங்கள் சொன்னது இசைத்தட்டைப் பற்றி. வானொலியில் நேராக வாசிக்கப்போகிறோம் என்று சொன்னீர்களா? அதைச் சொல்லுங்கள். வேறு எதையும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் சொல்ல மாட்டீர்கள், நானே சொல்கிறேன். நேற்று இரண்டாவது சுற்றில் ஹெர்பர்ட் வீட்டுக்கு ஒரு பார்சல் கொடுக்கப் போனேன். அவன் டிராம்போனைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். ஒரு வாரமாகிவிட்டதே, ஜலதோஷம் போய்விட்டதா என்று கேட்டேன். “எனக்கா? எனக்கு ஜலதோஷம் புடிச்சு ரெண்டு வருஷமாச்சு” என்றான். ஒலிபரப்புக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஒத்திகை கிடையாது, ஹெர்பர்ட்டுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்கு யார் ஆள் அனுப்பியது? நீங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு பேரும் உங்கள் பல்செட்டுப் பட்டறையில் உட்கார்ந்து நேராக வாசித்துப் பழகியிருக்கிறீர்கள். நான் எங்கே என்று ஹெர்பர்ட் கேட்டானாம். “அவனுக்கு எல்லாம் தெரியும், வீட்டுலயே பழகிக்குவான்” என்று சொன்னீர்களாம். 

தபால் பிரிக்கிற இடத்தில் நான் படுகிறபாடு உங்களுக்குத் தெரியுமா? நான் உள்ளே நுழைந்தால் இருபது பேரும் நொண்டி நடக்கிறார்கள். மேற்பார்வையாளரே நேற்று இரண்டு அடி நொண்டிக் காட்டினார். லைம் தெரு மேட்டில் திருமதி ப்ரீஸ்ட்லி கதவைத் திறந்து, “என்ன ராசா, ரேடியோவுல தடுக்கி விழுந்தியாமே, அடிபட்டுச்சா?” என்று அக்கறையாகக் கேட்கிறாள். அந்தக் கிண்டலைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இந்த அக்கறையைத் தாங்க முடியவில்லை.

என் இசைத்தட்டு உங்களிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பதில் சொல்லுங்கள்.

ஆ. சக்டன்


லைம் தெரு
17 மார்ச், சனிக்கிழமை

ஆர்னல்ட்,

உன் இசைத்தட்டை மேவிஸ் கையில் கொடுத்தாகிவிட்டது. தபாலில் அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. ஏனென்று கேள்.

கொடுப்பதற்கு முன்னால், பதின்மூன்று வருடம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய சாமானாயிற்றே என்று, என் வேலை மேசை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பல் வேலைக்கு வைத்திருக்கிற பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். ஓரத்திலிருந்து உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல் போகிறது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்தது என்று நீதானே சொன்னாய்? ஆனால் விரிசலில் பசை இருக்கிறது. பழுப்புப் பசை, தச்சர்கள் காய்ச்சி ஒட்டுகிற பசை. பிறகு யாரோ பொறுமையாக உட்கார்ந்து அதை ஊசியால் சுரண்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கடுகளவு விட்டுப்போயிருக்கிறது. ஊசி அங்கேதான் முட்டி அடுத்த கோட்டுக்குத் தாவுகிறது. தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. ஒரு சுற்று போனால் அந்தப் பாட்டின் வேகத்துக்குச் சரியாக இரண்டு அடி. தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன்.

நான் பசை பார்த்தே பிழைக்கிறவன். எனக்கு டிமிக்கி கொடுக்க முடியாது. உன் மாமனார் தச்சர். இந்த ஊரில் அந்தத் தட்டு கடைசியாக யார் கையிலிருந்து என் கைக்கு வந்தது? உன் கையிலிருந்து.

அப்போ உனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். எங்கள் ஆறு பேரையும் பதின்மூன்று வருடம் முட்டாளாக்கி வைத்திருக்கிறாய். பிரிஸ்டல்காரனைத் திட்டிக் கடிதம் வேறு எழுதியிருக்கிறாய். வானொலியில் ஐந்து நிமிடம் சிரித்தார்களாம், அதற்கு இவனுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நீ யாரிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறாய், முதலில் அதைச் சொல்.

லெஸ்லி


ஹாலிஃபாக்ஸ்
20 மார்ச், செவ்வாய்

லெஸ்லி,

சரி, ‘தங்களுக்கு’ வேண்டாம். குற்றவாளிக்குக் குற்றவாளி நீ, நான் என்றே பேசிக்கொள்ளலாம்.

உடைத்தவன் நான்தான். 1948 நவம்பர். ஹெர்பர்ட்டின் சித்தப்பா மகன் கப்பல் சமையல்காரன், நியூ ஆர்லியன்ஸில் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லி ஒன்பது மாதம் காக்க வைத்தானே, ஞாபகம் இருக்கும். காசு போட்டவன் நானானாலும் பார்சல் உன் பெயருக்கு வந்தது. முறைப்படி அது பார்சல் வண்டியில் போக வேண்டும். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி என் தோள்பையில் வைத்துக்கொண்டேன். உன் கையில் நானே கொடுக்க வேண்டும் என்று ஆசை. அன்றைக்குப் படியெல்லாம் உறைபனி. சர்ச்சுப் படிக்கட்டில் வழுக்கி, தபால் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, சொன்னால் நம்ப மாட்டாய். விதியை மீறிப் பார்சலை எடுத்துப் போய் உடைத்த தபால்காரனுக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்.

மாமனாரின் பசைதான். மூன்று நாள் கழித்து உன்னிடம் கொண்டுவந்து, அமெரிக்காவிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சொன்னேன். அது பொய். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் கேள். நொண்டல் பொய் என்று எனக்குத் தெரியாது. முழுத் தட்டை நான் எங்கே கேட்டேன்? உடைத்த பிறகுதானே முதன்முதலாகக் கேட்டேன்? உன் பட்டறையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்த இடத்தில் ஊசி தாவின மாதிரி இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீ துள்ளி எழுந்தாய். “கேட்டீங்களா? ரெண்டு அடியை முழுங்கிட்டாங்கடா! இதுதான் அசல், இதை எந்தப் புஸ்தகத்துலயும் எழுத முடியாது” என்றாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நார்மன் கிளாரினெட்டை எடுத்துவிட்டான். அரை மணியில் எல்லோரும் நொண்டினோம். நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயே சொல். ஒரு மாதம் போனது, ஒரு வருடம் போனது. தாவினது ஊசியாக இருக்காது, வாசித்ததே அப்படித்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது. பிரிஸ்டல்காரனைத் திட்டியபோது மனதாரத்தான் திட்டினேன்.

உன் பஸ் பேச்சை நான் கேட்கவில்லை, அது என் பயம். நீ ஒரு வார்த்தை, “நாளைக்கு நேரா வாசிக்கிறோம்டா” என்று சொல்லியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது நேராக வாசித்திருப்பேன். நான் தட்டை உடைத்தது தவறி. செவ்வாய்க்கிழமை நீ செய்தது தவறியா? போன கடிதத்தில் நீ அதற்குப் பதிலே எழுதவில்லை. பசையைக் காட்டித் தப்பித்துக்கொண்டாய்.

பதில் எழுது. இல்லாவிட்டால் எழுதவே எழுதாதே.

ஆர்னல்ட்


லைம் தெரு
24 மார்ச், சனிக்கிழமை

ஆர்னல்ட்,

நான்கு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபிளீஸ் விஷயம், எப்படியும் ஹெர்பர்ட் சொல்லியிருப்பான். போன வாரம் டெரிக்கை வைத்துக்கொண்டு ‘டெல்ஃபீன் தெரு நடை’யை நேராக வாசித்தோம். மூன்றாவது பகுதி வந்ததும் இருநூறு பேரும் வழக்கம்போலக் காலை உதைத்துவிட்டு, உன் பெயரைக் கத்திக்கொண்டு, இரண்டு அடி முன்னால் போய்விட்டார்கள். டெரிக் பயந்துபோய் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். ஹெர்பர்ட் கூட்டத்தோடு போனான், நார்மன் என்னோடு நின்றான். ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு ஓடியது. இந்த வியாழன் நான் முன்கூட்டியே மேடையிலிருந்து விளக்கினேன். அசல் தட்டில் இது கிடையாது, கால் உதைக்காதீர்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு இன்னும் பலமாக உதைத்தார்கள். சாயப்பட்டறை ஆள் வில்லி பட்டாணிக் கிண்ணத்தோடு மேடைக்கே வந்து, “அசல் யாருக்கய்யா வேணும்? எங்க ஆளு எங்க?” என்று கேட்டான்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை விஷயம். ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன்.

ஜனவரியில் நம்மைப் பார்க்க மான்செஸ்டரிலிருந்து வந்த வானொலிக்காரர், தேநீர் குடித்துக்கொண்டே என்னிடம், “அந்த பாஞ்சோக்காரரை மட்டும் பத்திரமா பார்த்துக்கோங்க. அவர் இல்லைன்னா உங்களை மாதிரி இன்னும் அம்பது குழு எங்ககிட்ட இருக்கு” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் சிரித்தேன். குழுவை ஆரம்பித்தவன் நான். நார்மனுக்குக் கிளாரினெட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். எல்லாப் பாட்டுக்கும் யார் எங்கே வாசிப்பது என்று ராவும் பகலும் எழுதியவன் நான். பதின்மூன்று வருடத்தில் அந்த மாடியில் ஒருவன்கூட என் பெயரைச் சொல்லிக் கத்தியதில்லை. அடுத்த வாரமே லீட்ஸில் அந்த முழுத் தட்டைக் கேட்டேன். நொண்டல் தப்பு என்று தெரிந்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை ஆர்னல்ட். சந்தோஷமாக இருந்தது.

சொல்லியிருந்தால் நீ நேராக வாசித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை நீ அசடு வழிய வேண்டும் என்று நினைத்தேன். நாடே சிரிக்கும் என்று நினைக்கவில்லை, ஆனால் நினைத்திருந்தாலும் செய்திருப்பேனோ என்னவோ.

எழுதிவிட்டேன். வா. டெரிக்குக்கும் அந்த நாற்காலி வேண்டாமாம்.

லெஸ்லி


ஹாலிஃபாக்ஸ்
26 மார்ச், திங்கள்

லெஸ்லி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை மேவிஸ் பிடுங்கிக்கொண்டு படித்தாள். அவள் சொன்னதை எழுத மாட்டேன்.

வருகிறேன். ஆனால் உன் பொறாமையை எனக்கு மட்டும் ரகசியமாக எழுதி அனுப்பிவிட்டு, ஊருக்கு முன்னால் நீ தலைவன், நான் தடுக்கி விழுந்தவன் என்று இருக்க முடியாது. வியாழக்கிழமை முதல் பாட்டுக்கு முன்னால் நான் எழுந்து தட்டை உடைத்ததைச் சொல்கிறேன். எனக்குப் பிறகு நீ செவ்வாய்க்கிழமையைச் சொல். பிறகுதான் பெட்டியைத் திறப்பேன்.

ஆர்னல்ட்


லைம் தெரு
30 மார்ச், வெள்ளி

ஆர்னல்ட்,

என்னைத் திட்டு. எப்படித் திட்டினாலும் தகும்.

நீ எழுந்து நின்று சர்ச்சுப் படிக்கட்டிலிருந்து மாமனாரின் பசை வரை ஒன்று விடாமல் சொன்னாய். கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது. உன் மேல் ஒருவனுக்கும் கோபம் வரவில்லை. பிறகு நீ என்னைப் பார்த்தாய்.  நீ உடைத்தது சிரிக்கிற மாதிரி விஷயம். என்னுடையதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. கார்னெட்டைக் கையில் எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாட்டை ஆரம்பித்துவிட்டேன். நீ பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாய். போகும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாயால் வரவில்லை, எழுத்தால் செய்கிறேன். ஜாஸ் வாரப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஃபிளீஸ் மாடியில் வருகிற அத்தனை பேரும் அதைப் படிக்கிறவர்கள்தான். நீ படித்துவிட்டு, சரி என்று பட்டால் ஒட்டித் தபாலில் போட்டுவிடு.

லெஸ்லி

[இணைப்பு]

ஆசிரியர் அவர்களுக்கு: கடந்த 9ஆம் தேதி எங்கள் ஹெபிள் எழுவர் குழுவின் ஒலிபரப்பில், குழுவினருக்குள் ஏற்பட்ட தகவல் குறைபாட்டின் காரணமாக, பாஞ்சோ வாசித்த திரு. ஆர்னல்ட் சக்டன் தனித்து வாசிக்க நேர்ந்தது. இதற்காக வருந்துகிறோம். லெ. த்வெயிட், குழுத் தலைவர்.


ஹாலிஃபாக்ஸ்
31 மார்ச், சனிக்கிழமை

லெஸ்லி,

தகவல் குறைபாடு. இந்தச் சொல்லை எங்கே பிடித்தாய்? தொலைந்துபோன பார்சலுக்கு எங்கள் அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருக்கிற பதில் மாதிரி இருக்கிறது. ‘ஏற்பட்ட’ என்கிறாய். தானாக ஏற்பட்டதா? ‘நேர்ந்தது’ என்கிறாய். மழையா, இடியா, நேர்வதற்கு? ‘வருந்துகிறோம்’ என்கிறாய். ஹெர்பர்ட் ஏன் வருந்த வேண்டும்? நார்மன் ஏன் வருந்த வேண்டும்?

நான் அன்றைக்கு எழுந்து நின்று, தட்டு ‘சேதமடைந்தது’ என்றா சொன்னேன்? அதன் மேல் உட்கார்ந்தேன் என்று சொன்னேன்.

இதோடு உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கோழைத்தனமான கடிதத்தை என் கையால் பெட்டியில் போட மாட்டேன். எனக்கு எழுதினாயே, 24ஆம் தேதி, அந்த ஆளை எழுதச் சொல். அந்த ஆள்தான் என் சிநேகிதன். இதை எழுதிய குழுத் தலைவர் யாரென்று எனக்குத் தெரியாது.

ஆர்னல்ட்


லைம் தெரு
2 ஏப்ரல், திங்கள்

ஆர்னல்ட், இணைப்பைப் பார். வேறு சொல்ல ஒன்றுமில்லை. லெ.

[இணைப்பு]

ஆசிரியர் அவர்களுக்கு: கடந்த மாதம் 9ஆம் தேதி வானொலியில் எங்கள் பாஞ்சோக்காரர் ஆர்னல்ட் சக்டன் இரண்டு அடி முன்னால் போனதைக் கேட்டு உங்கள் வாசகர்கள் பலர் சிரித்திருப்பார்கள். அவர் தவறவில்லை. நாங்கள் பதின்மூன்று வருடம் வாசித்த மாதிரியே அவர் வாசித்தார். அதை மாற்றியவன் நான். ஒத்திகை கிடையாது என்று பொய் சொல்லி அவரை வீட்டில் இருக்க வைத்தேன். அவருக்குத் தெரியும் என்று பொய் சொல்லி மற்ற ஐந்து பேரையும் பழக்கினேன். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. அவர் தடுக்கி விழவில்லை, நான் தள்ளிவிட்டேன். லெஸ்லி த்வெயிட், ஹாலிஃபாக்ஸ்.


ஹாலிஃபாக்ஸ்
3 ஏப்ரல், செவ்வாய்

லெஸ்லி,

உன் கடிதத்தைக் காலை ஏழு மணிக்குத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.  இனி நீயே கேட்டாலும் எடுத்துத் தர முடியாது, சட்டம் இடம் கொடுக்காது.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் உன்னையும் பார்த்து ஊர் சிரிக்கும். சிலர் சிரிக்க மாட்டார்கள், அது இன்னும் மோசமாக இருக்கும். அதற்கு முந்தின நாள் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நாலு பேர் பார்த்திருக்கட்டும் என்று மேவிஸ் சொல்கிறாள். அதனால் வியாழக்கிழமை வருகிறேன். எனக்குக் கோபம் தீரவில்லை. தீருகிறவரை வீட்டில் இருந்தால் கை மரத்துப்போய்விடும், ஆகவே கோபத்தோடேயே வந்து வாசிக்கிறேன். நீ என்னோடு பேச வேண்டாம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கை மட்டும் கொடு.

ஆர்னல்ட்